பத்தாம் வீட்டு முட்டை

ஒன்றாம் வகுப்பு வாத்தியாருக்கு முதலில் போவது தொண்டை என்று சொல்வார்கள். தப்பு. முதலில் போவது முட்டி. ஆறு வயதுப் பிள்ளைக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலியில் ஆறடி உடம்பை மடித்து வைத்து, நாள் முழுக்க உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தால், முட்டிக்குள் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம் கேட்கும். இந்த வாத்தியாருக்குக் கேட்டது. பிள்ளைகளுக்கும் கேட்டது. "சார் உடையறாரு" என்று சொல்லிச் சிரிப்பார்கள். மூட்டை தூக்கியே முதுகு வளைந்த அப்பாவைப் பார்த்து, இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று படித்து வாத்தியாரானவர் அவர். முதுகு தப்பியது. முட்டி மாட்டிக்கொண்டது.

பள்ளி, மரம் அறுத்து விற்கும் ஒரு மரவாடியை ஒட்டி இருந்தது. பெரிய பள்ளி நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். சின்னப் பிள்ளைகள் சாலையைத் தாண்டக் கூடாது என்று ஒன்றாம் வகுப்பை மட்டும் இந்தப் பக்கமே விட்டிருந்தார்கள். ஓர் அறை, ஒரு சமையல் கொட்டகை, ஒரு கழிப்பறை, பதினேழு பிள்ளைகள், ஒரு வாத்தியார், ஒரு சமையல் அக்கா. தலைமையாசிரியர் என்று ஒருவர் அந்தப் பக்கம் இருந்தார். அவரும் சாலையைத் தாண்டுவதில்லை.

வகுப்பிலேயே குள்ளமான பெண்ணுக்குப் பொடிசு என்று பெயர். அவள் அப்பா மரவாடியில் தடி தூக்குகிறவர். வேலைக்கு வரும்போது மகளைத் தோளில் உட்கார்த்திக் கொண்டுவந்து பள்ளி வாசலில் இறக்குவார். மற்ற சுமைகளை இறக்குவதைவிடக் கொஞ்சம் மெதுவாக இறக்குவார். காலையில் அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. ஆகவே பொடிசுக்கு மதிய மணிதான் நாளின் பெரிய சம்பவம். ரொட்டி, சூப்பு, ஒரு வேகவைத்த முட்டை. ரொட்டியை முதலில் முடிப்பாள், சூப்பை அண்ணாந்து குடிப்பாள், முட்டையை மட்டும் கடைசிவரை வைத்திருப்பாள். சமையல் அக்கா அவள் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பார். முட்டையை அதில் ஒற்றி ஒற்றி, ஏதோ அவசர வேலையே இல்லாதவள் மாதிரி தின்பாள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது வாத்தியார்தான். அவர் ஒரு நாள் நன்றாகப் பாடம் நடத்திவிட்டார்.

பிள்ளைகளை எண்ணச் சொன்னால் பத்தொன்பதுவரை கடகடவென்று எண்ணுவார்கள். எழுதச் சொன்னால் வண்டி குடைசாயும். பதிமூன்று என்றால் 103. பதினேழு என்றால் 107. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பத்தை எழுது, பக்கத்தில் ஏழை எழுது. காதில் விழுந்ததைக் கை எழுதியது. வாத்தியார் பத்துக் குச்சியை எடுத்து ரப்பர் போட்டுக் கட்டிக் காட்டினார்.

"இது எத்தனை?"

"ஒரு கட்டு சார்" என்றாள் பொடிசு.

"உள்ளே எத்தனை குச்சி?"

"நடுவுல இருக்கிறது தெரியல சார்."

அப்போது ஜன்னலுக்கு வெளியே மரவாடியில் சட்டங்களைப் பத்துப் பத்தாகக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் எட்டி ஒரு கயிறு கேட்டு வாங்கினார். பத்துப் பிள்ளைகளை நெருக்கி நிற்கவைத்துச் சுற்றி ஒரு கட்டுப் போட்டார். ஒரே கூச்சல்.

"இப்ப நீங்க என்ன?"

"நசுங்கிட்டோம் சார்!"

"எத்தனை கட்டு?"

"ஒண்ணு!"

"கட்டுக்குள்ள எத்தனை பேரு?"

"பத்து!"

"வெளியில?"

"ஏழு!"

கட்டுக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை மட்டும் வெளியே நீண்டு சாக்பீஸ் கேட்டது. பொடிசுதான். பத்துப் பேரும் நண்டு மாதிரி நகர்ந்து கரும்பலகைக்குப் போனார்கள். அவள் 1 போட்டு, பக்கத்தில் 7 போட்டாள். "சார், இந்த ஒண்ணு நாங்க பத்துப் பேரும்" என்றாள். வாத்தியாருக்கு அந்த நொடியில் முட்டி வலி மறந்துபோனது.

சரியாக அந்த நேரம் வாசலில் ஒரு ஜீப் டயர் வெடித்து நின்றது. அதிலிருந்து நிழல் தேடி இறங்கியவர் பாடத்திட்ட மேற்பார்வையாளர். உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாத்தியார் கயிற்றின் முடிச்சில் கை வைத்தார்.

"நில்லுங்க! அவுக்காதீங்க!" என்றார் மேற்பார்வையாளர். அவர் கண் கலங்கியிருந்தது. "இதை அப்படியே வச்சிருங்க."

"எவ்வளவு நேரம் சார்?"

"கல்வியாண்டு முடியிற வரைக்கும்."

வாத்தியார் சிரித்தார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை.

அடுத்த வாரமே அதே ஜீப்பில் 'உயிருள்ள இடமதிப்புத் திட்டம்' வந்து இறங்கியது. கயிறு போய்ப் பச்சை நாடா வந்தது. நாடாவில் பத்து வளையம், பத்து இடது கைகளுக்கு. அறையின் நடுவே கோடு போட்டார்கள். ஜன்னல் பக்கம் பத்தாம் வீடு, புதுப் பாய். கதவுப் பக்கம் ஒன்றாம் வீடு, பழைய பாய். "மதிப்புக் கூடினா மரியாதையும் கூடணும் இல்லியா?" என்றார் மேற்பார்வையாளர். பள்ளி வாசலில் இரண்டு கட்டம் போட்ட பலகை ஒன்றை ஆணியடித்து மாட்டினார்கள். இனிமேல் பிள்ளைகளின் எண்ணிக்கை அதில் இடமதிப்பின்படிதான் காட்டப்படும். முதல் கட்டத்தில் 1. இரண்டாம் கட்டத்தில் 7.

பத்தாம் வீடு எங்கே போனாலும் ஒன்றாகத்தான் போக வேண்டும். ஒருவனுக்கு ஒன்றுக்கு வந்தால் பத்துப் பேரும் கழிப்பறை வாசலில் நிற்பார்கள். ஒருத்தி மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினால் அக்கம்பக்கத்துக் கைகள் இரண்டும் கூடவே எழும். வருகைப் பதிவுக்கு "பத்து" என்று ஒரு முறை கூப்பிட்டால் போதும், பத்துத் தொண்டையில் "உள்ளேன் ஐயா" வரும். கடைசி மணி அடித்ததும் நாடாவைக் கழற்றிவிடலாம். பள்ளி நேரத்துக்கு வெளியே எண்கள் கிடையாது என்று விதி.

முதல் இரண்டு நாள் அம்மாக்கள் சண்டைக்கு வந்தார்கள்.

"பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பத்துல இருக்கான். என் பிள்ளை மட்டும் ஏன் சில்லறையில உக்காந்திருக்கான்?"

"சில்லறை இல்லம்மா, ஒன்று" என்றார் வாத்தியார்.

"ஒண்ணுக்குப் பேரு என்னங்க? சில்லறைதானே?"

மூன்றாம் நாள் முட்டை வண்டிக்குப் புது உத்தரவு வந்தது, இனிமேல் பலகையில் உள்ளபடிதான் முட்டை. சண்டை வேறு பக்கம் திரும்பியது.

முட்டை வண்டிக்காரர் நேர்மையான மனிதர். அதுதான் சிக்கல். அவர் வாசல் பலகையைப் பார்த்தார், உதட்டை அசைத்தார், எட்டு முட்டை எண்ணி வைத்தார்.

"என்னண்ணே, எட்டுதான் இருக்கு?" என்றார் வாத்தியார்.

"போர்டுல இருக்கிறதைத்தானே சார் குடுக்க முடியும்? ஒண்ணு. ஏழு. எட்டு."

"அண்ணே, அது பதினேழு."

"எது பதினேழு? ஒண்ணு இங்க இருக்கு, ஏழு அங்க இருக்கு. நடுவுல கோடு வேற போட்டிருக்கு."

"அந்த ஒண்ணுதாண்ணே பத்து."

வண்டிக்காரர் பலகையை உற்றுப் பார்த்தார். பிறகு வாத்தியாரை உற்றுப் பார்த்தார். "சார், நீங்க படிச்சவரு. ஒண்ணைப் பத்துன்னு சொல்லி முட்டை வாங்கினா அதுக்குப் பேரு என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வாத்தியார் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தார்.

"சரியாத்தானே இருக்கு" என்றார் அவர். "பலகையில இருக்கிற எண்களைக் கூட்டித்தான் கிடங்கு சரக்கு அனுப்பும்."

"கூட்ட வேண்டாம், படிக்கச் சொல்லுங்க சார். பதினேழுன்னு படிக்கணும்."

"படிக்கிறது கல்வித் துறைங்க. கூட்டுறது கிடங்குத் துறை. அவங்க வேலையில நான் எப்படித் தலையிடுறது?"

"அப்ப நாளைக்கு மட்டும் நாடாவை அவுத்துடறேன் சார். பதினேழு பேரையும் ஒன்றாம் வீட்டுலயே போட்டுக்கறேன்."

மறுமுனையில் மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். "கட்டை அவுக்கிறதுன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? கடன் வாங்கிக் கழித்தல். அது இரண்டாம் வகுப்புப் பாடம். ஒன்றாம் வகுப்புல நடத்தினா என் வேலையும் போகும், உங்க வேலையும் போகும்."

சமையல் அக்கா ஒரு கையில் கரண்டியோடு இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "பத்துப் பேருக்கு ஒரு முட்டையா? போட்ட கோழி கேட்டா சிரிக்கும்" என்றார். சூப்பில் தண்ணீர் ஊற்றினார். ரொட்டியை மெல்லிசாக அறுத்தார். முட்டையை என்ன செய்வது? உரித்து, நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்துப் பாதிப் பாதியாக அறுத்தார். எட்டு முட்டைக்குப் பதினாறு பாதி.

"ஒரு பாதி இடிக்குதே சார்."

அந்த ஒரு பாதிக்காக வாத்தியார் தினமும் வீட்டிலிருந்து ஒரு முட்டை எடுத்து வந்தார். தினம் ஒன்பது எடுத்துவர அவருக்கு வக்கில்லை. அந்த ஒன்றுக்கே வீட்டில் மனைவி இடுப்பில் கை வைத்தாள்.

"பத்தாம் வீட்டுக்கு இந்த வீட்டு முட்டையா? இந்த வீடு எத்தனாம் வீடுங்க?"

"ஒரு பாதிதாண்டி. மீதிப் பாதியைத் திரும்பக் கொண்டுவந்துடறேன்."

"ஆமா, டிபன் பாக்ஸ்ல உருண்டு உருண்டு வரும். அதை நீங்களே திங்கணும், பரவாயில்லையா?" என்றாலும் முட்டையை அவளே எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுப்பாள்.

இப்படி ஒரு வாரம் ஓடியது. அடுத்த வாரம் மேற்பார்வையாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். தட்டுகளைப் பார்த்தவர் பாம்பை மிதித்தவர் மாதிரி துள்ளினார்.

"என்ன இது, பாதி?"

"முட்டை சார்."

"முட்டைன்னு எனக்குத் தெரியாதா? பாதின்னா பின்னம். பின்னம் நாலாம் வகுப்பு! இதுல ஒன்றாம் வீட்டு முட்டை கோடு தாண்டிப் பத்தாம் வீட்டுக்கு வேற போயிருக்கு. யாரைக் கேட்டுப் பங்கு போட்டீங்க? பங்கு போடுறது வகுத்தல். மூணாம் வகுப்பு!"

"பசிக்குது சார்" என்றான் ஒருவன்.

மேற்பார்வையாளர் அதைக் கேட்டு உருகித்தான் போனார். கெட்டவர் இல்லை. அவன் தலையைத் தடவினார். பிறகு சமையல் அக்கா இன்னும் அறுக்காமல் வைத்திருந்த ஒரு முழு முட்டையை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து ஒரு சிற்றுரை ஆற்றினார்.

"குழந்தைகளே, நன்றாகக் கவனியுங்கள். இந்த முட்டை எத்தனை என்பது முட்டையில் இல்லை. அது இருக்கும் இடத்தில் இருக்கிறது. ஒன்றாம் வீட்டுத் தட்டில் வைக்கிறேன். ஒரு முட்டை. இதோ, பத்தாம் வீட்டுத் தட்டில் வைக்கிறேன். இப்போது இது பத்து முட்டை! அரசு உங்களுக்கு ஒரு முட்டைகூடக் குறைக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக நானும் இப்படித்தான். நாற்காலி மாறினால் மதிப்பு மாறும். உள்ளே உட்கார்ந்திருப்பது அதே ஆள்தான்."

பத்துப் பிள்ளைகளும் கழுத்தை நீட்டித் தட்டைப் பார்த்தார்கள்.

"மீதி ஒம்பது எங்க சார்?" என்று கேட்டாள் பொடிசு.

"அதுதாம்மா மதிப்பு. கண்ணுக்குத் தெரியாது."

"தின்னா தெரியுமா சார்?"

மேற்பார்வையாளர் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். "இந்தப் பொண்ணு கொஞ்சம் பின்தங்கியிருக்கு. தனிக் கவனம் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அவிழ்க்கக் கூடாது, பகிரக் கூடாது, பிளக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் ஒன்றாம் வகுப்பில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கணக்குத்தான். வரிசை. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. பத்தாம் வீட்டு முட்டை இன்றைக்கு முதல் வளையத்துக்கு, நாளைக்கு இரண்டாம் வளையத்துக்கு என்று வாத்தியார் முறை வைத்தார். உயரத்தின்படி வளையம் மாட்டியிருந்ததால் பொடிசு வாலில் இருந்தாள். பத்தாவது.

"என் முறை எப்ப சார்?" தினமும் கேட்டாள்.

"வரும். அன்னைக்கு முட்டை உனக்குத்தான். யாரும் தொட முடியாது. நான் பொறுப்பு."

இதற்குள் புதுப் பாயின் மவுசு போய்விட்டது. முன்பு சண்டைக்கு வந்த அதே அம்மா மறுபடியும் வந்தாள். "என் பிள்ளை சில்லறையாவே இருக்கட்டும் சார். தெரியாமப் பேசிட்டேன்." பத்தாம் வீட்டில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்து அவன் வளையம் காலியானபோது, விதிப்படி ஒன்றாம் வீட்டிலிருந்து ஒருவனை இழுத்து மாட்ட வேண்டியிருந்தது. அவன் தன் முட்டையைப் பறிகொடுத்து அழுத அழுகையில் மரவாடியில் ரம்பத்தை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அவனைச் சமாதானப்படுத்த வாத்தியார் அன்றைய முறையை அவனுக்குக் கொடுத்தார். அதனால் பொடிசின் முறை ஒரு நாள் தள்ளிப்போனது. காய்ச்சல்காரன் குணமாகித் திரும்பி வந்து ஒன்றாம் வீட்டில் உட்கார்ந்து முழு முட்டை தின்றான். நல்ல காய்ச்சல் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஒரு நாள் தள்ளிப்போனதுதான் வினையானது. பொடிசின் முறை வந்த அன்றைக்குக் கல்வித் துறையின் இயக்குநரும் வந்தார்.

இயக்குநர், மேற்பார்வையாளர், அதிகாரிகள், ஓட்டுநர் என்று மொத்தம் பதினொரு பேர். மேற்பார்வையாளர் இதற்கென்றே பட்டு நாடா தைத்துக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாக விருந்தினர்களும் இடமதிப்பில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. வாசலில் விருந்தினருக்கென்று தனிப் பலகை மாட்டினார்கள். முதல் கட்டத்தில் 1, இரண்டாம் கட்டத்தில் 1.

"ஐயா தனியா, கம்பீரமா, ஒன்றாம் இடத்துல நிக்கலாமுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"நான் ஏன்யா ஒன்றுல நிக்கணும்?" என்றார் இயக்குநர். "எத்தனை வருஷ சர்வீஸ் எனக்கு! பத்துல போடு."

இயக்குநரும் மேற்பார்வையாளரும் மற்ற அதிகாரிகளும் பட்டு நாடாவில் கையை நுழைத்தார்கள். பத்து நிறைந்தது. மிஞ்சியவர் ஜீப் ஓட்டுநர்.

"நான் சும்மா வண்டி ஓட்ட வந்தவனுங்க."

"பரவாயில்ல, நீ ஒன்று. அங்க போய் நில்லு."

இயக்குநர் பேசினார். கட்டுண்ட கையோடு பேசியதால், அவர் கையை ஆட்டியபோதெல்லாம் துறையே ஆடியது.

"குழந்தைகளே! தனியாக நிற்பவனுக்கு மதிப்பு ஒன்று. துறையோடு கட்டுண்டு நிற்பவனுக்கு மதிப்பு பத்து. என்னைப் பாருங்கள். பணியில் சேர்ந்த நாள்முதல் கட்டுண்டே நிற்கிறேன். யார் கட்டினார்கள், எதற்குக் கட்டினார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டவர்களெல்லாம் வழியிலேயே நின்றுவிட்டார்கள். கேட்காததால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்."

அதிகாரிகள் தட்ட முடிந்த ஒரு கையால் தொடையில் தட்டினார்கள். பேச்சு மதிய மணியைத் தாண்டியும் போனது. பொடிசு பேச்சைக் கேட்கவில்லை. அவள் சமையல் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையல் அக்கா வந்து அவள் வலது உள்ளங்கையில் உப்பு வைத்துவிட்டுப் போனார். அதை மூடி வைத்துக்கொண்டாள். வெயில் ஏற ஏற உப்பு கைக்குள் கசகசத்தது. கையைத் திறக்கவில்லை.

முட்டை வண்டிக்காரர் அன்றும் நேர்மையாகவே நடந்துகொண்டார். பிள்ளைகள் பலகைக்கு எட்டு. விருந்தினர் பலகைக்கு இரண்டு.

சமையல் அக்கா விதி பிசகாமல் பரிமாறினார். ஓட்டுநருக்கு ஒரு தட்டில் ஒரு முட்டை. அவர் அதை எடுத்துக்கொண்டு ஜீப் நிழலில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பத்து அதிகாரிகளின் நடுவே ஒரு பெரிய தட்டு. அதன் நடுவே ஒரு முட்டை.

"என்னய்யா இது?" என்றார் இயக்குநர்.

"பத்து முட்டைங்க ஐயா."

"எங்கய்யா?"

மேற்பார்வையாளருக்கு வியர்த்தது. "இடத்துல இருக்குங்க ஐயா."

"காலையில இருந்து வயிறு காயுது. விளையாடாத. நாடாவை அவுரு."

"அது கழித்தலுங்க ஐயா. இரண்டாம் வகுப்பு."

"அப்ப இதைப் பங்கு போடு."

"வகுத்தலுங்க. மூணாம் வகுப்பு."

"பாதியாவது வெட்டுய்யா!"

"பின்னமுங்க ஐயா" என்று முனகினார் மேற்பார்வையாளர். "நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க."

இயக்குநர் பசி அவசரத்தில் கட்டுண்ட கையையே நீட்டினார். அவர் கையோடு துறையின் ஒன்பது கைகளும் நீண்டன. பத்துக் கைகளும் ஒரே முட்டையில் போய் முட்டியதில் அது தட்டிலிருந்து குதித்து, படியில் உருண்டு, மரவாடியிலிருந்து காற்று கொண்டுவந்து கொட்டிய மரத்தூளில் போய்ப் புதைந்தது. ஒன்றாம் வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேரும் இதைப் பார்த்தார்கள். அவ்வளவுதான், ஏழு முட்டையும் ஏழு வாய்க்குள் போய்விட்டன. பெரியவர்கள் பசியோடு இருக்கும்போது எதையும் வெளியில் வைத்திருக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அறையில் மிச்சமிருந்தது ஒரு முட்டை. பத்தாம் வீட்டுத் தட்டில்.

இயக்குநர் தன் கட்டையும் இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தார்.

"பாப்பா, இது யாரு முட்டை?"

"என்னுது சார். இன்னைக்கு என் முறை."

"அப்படிச் சொல்லக் கூடாது" என்று மேற்பார்வையாளர் பின்னாலிருந்து திருத்தினார். "பத்தாம் இடத்து முட்டைன்னு சொல்லணும்."

"அப்ப நானும் பத்தாம் இடம்தானேய்யா?"

"அதுல சந்தேகமே இல்லைங்க ஐயா."

வாத்தியார் அந்த நேரம் குட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழப் பார்த்தார். முட்டி பிடித்துக்கொண்டது. ஒரு கையால் சுவரைப் பிடித்து, "சார், அது அந்தப் பிள்ளைக்கு நான் சொன்ன…" என்று ஆரம்பிப்பதற்குள் முட்டை இயக்குநர் கையில் இருந்தது. அவர் ஒரு கடி கடித்தார். சப்பென்று இருந்தது போல.

"உப்பு இருக்கா?"

பொடிசு அவரைப் பார்த்தாள். பிறகு மூடியிருந்த கையைத் திறந்தாள். இயக்குநர் குனிந்து, அந்த உள்ளங்கையில் முட்டையை ஒற்றி எடுத்து, மீதியை வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்ததும் அவருக்கு உண்மையாகவே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

"நாளைக்குத் தந்துடறேன் பாப்பா. கடனா வச்சுக்க."

"கடன் வாங்குறது ரெண்டாங்கிளாஸ் பாடம் சார்" என்றாள் பொடிசு.

ஜீப் நிழலில் ஓட்டுநருக்குப் புரையேறியது.

வாத்தியார் ஒரு வழியாக எழுந்தார். சுள்ளி முறிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. நேராகப் போய்ப் பொடிசின் வளையத்தைக் கழற்றினார். பிறகு அடுத்ததை. பிறகு அடுத்ததை. பத்தையும் கழற்றிப் பச்சை நாடாவைச் சுருட்டி ஜன்னல் வழியாக மரவாடிக்குள் எறிந்தார். அன்றைக்கு அந்த ஒன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடம் நடந்தது. நடத்தினால் வேலை போகுமா போகாதா என்பதைப் பற்றி வாத்தியார் அப்போது யோசிக்கவில்லை. இரவில் யோசித்தார்.

"எங்களையும் அவுத்து விடுய்யா" என்றார் இயக்குநர்.

அதைச் சமையல் அக்கா செய்தார். பட்டு நாடாவின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. முட்டை அறுக்க வைத்திருந்த நூலை வைத்துத் தேய்த்தே அறுத்தார். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

வேலை போகவில்லை. பத்து நாள் கழித்து ஆணை வந்தது. உயிருள்ள இடமதிப்புத் திட்டம் தன் நோக்கங்கள் அனைத்தையும் முழுமையாக எட்டிவிட்டதால் நிறுத்தப்படுகிறது. அதை வகுத்தளித்த மேற்பார்வையாளர் கிடங்குத் துறைக்குப் பதவி உயர்வில் போகிறார். வாசல் பலகையைக் கழற்றச் சொல்லி ஆணையில் எதுவும் இல்லாததால் பலகை அப்படியே இருந்தது. முதல் கட்டத்தில் 1, இரண்டாம் கட்டத்தில் 7. மறுநாள் வண்டிக்காரர் அதே பலகையைப் பார்த்துவிட்டுப் பதினேழு முட்டை எண்ணி வைத்தார்.

"இன்னைக்கு மட்டும் எப்படிண்ணே பதினேழு?"

"இனிமே கூட்ட வேண்டாம், படின்னு மேல சொல்லிட்டாங்க சார். நமக்கென்ன, சொன்னா படிக்கிறது."

இயக்குநர் தருவதாகச் சொன்ன கடன் முட்டை மட்டும் அன்றும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வாத்தியார் பொறுக்க முடியாமல் வீட்டிலிருந்து ஒன்று கொண்டுவந்து பொடிசிடம் நீட்டினார்.

"இந்தா. உன் முறைக்கு உண்டானது. நான்தானே பொறுப்புன்னு சொன்னேன்."

அவள் வாங்கவில்லை. "இது உங்க முட்டை சார். நீங்க எங்கிட்ட வாங்கலியே."

"யாரு குடுத்தா என்ன? முட்டை முட்டைதானே?"

"அவரு குடுக்கட்டும்" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அவள் அப்பா மரவாடியில் மேஸ்திரியிடம் பேசுகிற குரல் அது.

அடுத்த ஆண்டு பொடிசு இரண்டாம் வகுப்புக்குச் சாலையைத் தாண்டிப் போனாள். மாலையில் அப்பாவின் வேலை முடியும்வரை மரவாடியில் அடுக்கிய சட்டங்களின்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பாள். ஒரு நாள் வாத்தியார் வகுப்பைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கூப்பிட்டாள்.

"சார், இன்னைக்குக் கடன் வாங்கிக் கழிக்கிறது சொல்லிக் குடுத்தாங்க. பதினேழுல ஒம்பது."

"போட்டியா?"

"ஏழுல ஒம்பது போகாது. அதனால பத்துகிட்ட கடன் வாங்கணும். எட்டு வந்துச்சு. டீச்சர் சரின்னு போட்டாங்க."

"பரவாயில்லையே!"

"வாங்கின கடனைப் பத்துகிட்ட எப்பத் திருப்பிக் குடுக்கிறதுன்னு கேட்டேன் சார். அது பாடத்துல இல்லைன்னுட்டாங்க."

அப்போது அவள் அப்பா வந்து தோளைக் காட்டினார். ஏறிக்கொண்டாள். சாலையோரமாக இருவரும் போவதை வாத்தியார் முட்டியைத் தேய்த்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். இயக்குநர் போன மாதம் இன்னும் பெரிய நாற்காலிக்கு மாறிவிட்டார், மதிப்பு கூடியிருக்கிறது. பொடிசுக்கு அவர் தர வேண்டியது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒரு முட்டை. தொட்டுக்கொண்ட உப்பையும் சேர்த்தால், ஒரு முட்டையும் ஒரு சிட்டிகை உப்பும்.